பங்குக் கிணறு உள்ள வாடகை வீடு

அரியாலையில் உள்ள என் வீட்டை இன்று காலை வாடகைக்குக் கொடுத்துவிட்டேன்.

கேட்டு வந்தவர் ஆஸ்பத்திரியில் தாதி. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பம். மகளையும் கூட்டி வந்திருந்தார். இதற்கு முன் பார்த்த ஐந்து வீடுகளிலும், ஊரைச் சொன்னதும் "வேறை ஆக்களுக்குக் குடுத்திட்டம்" என்றார்களாம்.

வீட்டுத் திறப்பை அவர் கையில் கொடுக்கும் நேரம் பக்கத்து வீட்டு அண்ணை வேலிக்கு மேலால் கூப்பிட்டார். கிணறு எங்கள் இருவருக்கும் பங்கு.

"தம்பி, தோட்டக்காட்டு ஆக்களை இருத்தினால் நாங்கள் அந்தத் தண்ணியை எப்பிடிக் குடிக்கிறது?"

அந்தப் பெண்ணுக்கும் கேட்கத்தான் சொன்னார்.

"அண்ணை, தமிழனுக்குக் கொழும்பிலை வீடு தாறாங்களில்லை எண்டு நேற்றுத்தானே கூட்டத்திலை மைக்கிலை கத்தினீங்கள்?"

"அது இனவாதம். இது கிணறு. உவளை விட்டியெண்டால் கோட்டுக்குப் போவன். என்ரை கருத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையோ?"

நான் இரும்புக்கடைக்காரன். வழக்கென்று வந்தால் வீடு பத்து வருடம் பூட்டிக் கிடக்கும் என்று தெரியும். திறப்பைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

அந்தப் பெண்தான் பேசினார்.

"நாங்க கிணத்துப் பக்கமே போக மாட்டோம் சேர். வீட்ட மட்டும் குடுங்க."

அதை ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னார் அண்ணை. எழுதினேன். சாட்சிக் கையெழுத்தும் அவரே போட்டார்.

என்னைத் திட்டுபவர்கள் இந்தப் பதிவின் கீழே திட்டலாம். உங்கள் வீட்டைக் கொடுப்பீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மாதம் முப்பதாயிரம், ஆறு மாத முற்பணம். தண்ணீர் பவுசர் லொறியில் வரும், அவர் செலவில். கிணற்றடிக்குத் தாயும் போகக்கூடாது, பிள்ளையும் போகக்கூடாது.