ஜசிந்தாவுக்கு எந்தக் கப்பல்?

"நல்லாத்தான் இருந்தது, ரீச்சர்."

மாலைதீவுக்குக் கப்பலில் போய்விட்டு வந்த ஒருத்தி சொல்கிற வார்த்தையா இது?

போன மாதக் கடைசியில் முல்லைத்தீவுக்குப் போயிருந்தேன். என் சிநேகிதி ஜசிந்தா பால் விடாத பிளேன்ரீயும், பிரிட்ஜில் ஒட்டுகிற காந்த ஆமை ஒன்றும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஆமை மாலைதீவிலிருந்து எனக்காக வாங்கி வந்தது. பச்சை முதுகு, சிரித்த முகம். கொடுத்தவளின் முகத்தில்தான் சிரிப்பு அரைவாசியில் நின்றது.

"நல்லா இருந்தது" என்பது வேறு, "நல்லாத்தான் இருந்தது" என்பது வேறு. சாப்பிட்டுவிட்டு விருந்தாளி "கறி நல்லாத்தான் இருந்தது" என்று சொன்னால், குசினிக்குள் நிற்கிறவளுக்கு உடனே தெரிந்துவிடும் — உப்பு எங்கேயோ பிழைத்துவிட்டது என்று.

எனக்கும் நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. ஏனென்றால், அந்தக் கப்பலைத் தெரிவு செய்து கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

ஜசிந்தாவை உங்களுக்கு இன்னும் அறிமுகப்படுத்தவில்லையே. போரில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் அவர்களுடைய கூடாரமும் எங்களுடையதும் பக்கத்துப் பக்கத்தில். ஒரே அடுப்பில் மாறி மாறிச் சமைத்தோம். நான் கிளிநொச்சிக்குத் திரும்பினேன், அவள் முல்லைத்தீவுக் கரைக்குத் திரும்பினாள், சிநேகிதம் மட்டும் திரும்பிப் போகவில்லை. அவளுடைய கணவர் சூசையண்ணை. பொடியனாக இருந்த நாளிலிருந்து கடல்தான் தொழில். வீட்டு வாசலில் நின்றால் கடல், கடலுக்கு முன்னால் மணல், மணலில் அவருடைய படகு. அவ்வளவு கிட்ட.

போன வருடம் அவருக்கு நெஞ்சுநோவு வந்தது. "இனிக் கடலுக்குப் போகக் கூடாது" என்று டொக்டர் சொல்லிவிட்டார். பிரான்சில் இருக்கும் மகன் றெஜி விடாப்பிடியாக நின்று படகை விற்க வைத்தான். விற்ற பிறகு மனிதர் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு கடலையே பார்த்தபடி இருந்தார்.

அதைக் கேட்டு மகனுக்கு மனம் பொறுக்கவில்லை. "அப்பாவைக் கடலாலை எடுத்துப்போட்டம். ஒருக்கா நல்ல கப்பலிலை கடலுக்கே அனுப்புவம். அம்மாவும் சேர்ந்து போகட்டும்" என்றான். தீவு தீவாகப் பார்த்து வருகிற பயணம். எல்லாம் அவன் செலவு. எந்தக் கப்பல் என்று தெரிவு செய்வது மட்டும்தான் எங்கள் வேலை.

எங்கள் என்றால்? முன்பு ஒருமுறை என் மகள் என்னைச் சிங்கப்பூரில் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனாள். அதனால் இந்த வட்டாரத்திலேயே கப்பல் பயணத்தில் பெரிய அனுபவசாலி நான்! ஆகவே எனக்கும் அழைப்பு வந்தது.

ஜசிந்தாவின் ஹோலில் கூடினோம். மேசையில் ஃபோன், ஃபோனுக்குள் வீடியோவில் றெஜி. இரண்டு கப்பல்களின் படங்களை அனுப்பியிருந்தான்.

ஒன்று பெரியது. கொழும்பில் ஏறலாம். மாடி மாடியாக ஒரு சின்ன நகரமே மிதந்து போகிறது. நீச்சல் குளம், தியேட்டர், லிஃப்ட், இரவு பகல் பாராமல் சாப்பாடு. மற்றது சின்னது. விமானத்தில் மாலைதீவுக்குப் போய் அங்கே ஏறவேண்டும். மரத்தால் செய்த கப்பல், கொஞ்சப் பேர்தான் போகலாம். அறையை விட்டு ஒரு எட்டு வெளியே வைத்தால் தண்ணீர்.

ஜசிந்தா அந்தச் சின்னக் கப்பலின் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு இன்னும் பெரிதாக்கினாள்.

"இதிலை கடல் கிட்ட இருக்கும் போல" என்றாள்.

"கிட்ட இருந்தென்ன?" என்றார் சூசையண்ணை. "இதென்ன, எங்கடை போட்டிலும் பாக்கக் கொஞ்சம் பெரிசு. இதிலை போறதுக்கோ பிளேன் ஏறிப் போறது?"

"அம்மா, உங்கடை முழங்காலை யோசியுங்கோ. பெரிய கப்பலிலை லிஃப்ட் இருக்கு" என்றான் மகன்.

"பல்கனி வைச்ச அறை எடுங்கோ, ஜசிந்தா. மேல்மாடியிலை. காத்து நல்லா வரும்" என்றேன், அனுபவசாலியான நான்.

"நீங்கள் எல்லாரும் சொன்னாச் சரிதான்" என்று ஃபோனை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் போட எழுந்து போனாள் ஜசிந்தா.

ஜனநாயக முறைப்படி பெரிய கப்பல் வென்றது. ஜசிந்தா தோற்றாள். அவள் போட்டியில் நின்றதே எங்களுக்குத் தெரியாது!

போய் வந்தார்கள். படம் படமாக வட்ஸ்அப்பில் வந்தது. நீல நிறத் தண்ணீர், வெள்ளை மணல், தொப்பி போட்ட சூசையண்ணை, ஜசிந்தாவின் கையில் பழச்சாறு. எல்லோருக்கும் பரம சந்தோசம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்... அந்த "நல்லாத்தான்" காதில் விழும்வரை.

இன்னொரு பிளேன்ரீ போட ஜசிந்தா குசினிக்குள் போனதும் சூசையண்ணை கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"ரீச்சர், கப்பலிலை ஒருநாள் பின்னேரம் அவா பல்கனியிலை நிண்டு கீழை பாத்துக்கொண்டே நிண்டவா. நான் போய்ப் பக்கத்திலை நிண்டன். 'நீங்கள் தொழிலுக்குப் போற இடமும் இப்பிடித்தானோ இருக்கும்?' எண்டு கேட்டா."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"இல்லை எண்டன். இது எங்கையோ கீழை கிடக்கு. எங்கடை போட்டிலை இருந்தால் கடல் நெஞ்சுக்கு நேரை நிக்கும், சத்தம் எல்லாப் பக்கத்தாலும் வரும் எண்டு சொன்னன். பிறகு கேட்டா, 'ஒரு நாளாவது என்னை ஏத்திக்கொண்டுபோய்க் காட்டியிருக்கலாமே?' எண்டு."

அவர் நிறுத்தினார். குசினிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

யோசித்துப் பாருங்கள். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து வாசலில் படகு நின்றது. அந்தப் படகின் வலையில் சிக்கிய மீனைத் தெரிந்து பிரித்தவள் அவள். கருவாடு போட்டவள் அவள். அது கொண்டுவந்த உழைப்பில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவள் அவள். அதற்குள் ஒரு நாளும் ஏறி இருந்ததில்லை. அந்தக் கரையில் பெண்கள் படகில் ஏறுவது வழக்கமில்லை. யாரும் தடுக்கவுமில்லை, யாரும் கூப்பிடவுமில்லை.

பிளேன்ரீயோடு வந்த ஜசிந்தா எங்கள் முகங்களைப் பார்த்தே விசயத்தைப் பிடித்துவிட்டாள்.

"ரீச்சருக்கும் சொல்லியாச்சோ?"

"நீ ஒருக்கா வாய் திறந்து கேட்டிருந்தால் ஏத்தியிருப்பன்தானே, ஜசி" என்றார் அவர்.

"வாறியோ எண்டு நீங்கள் ஒருக்காக் கேட்டிருந்தால் நானும் வந்திருப்பன்தானே" என்றாள் அவள்.

சண்டையில்லை. இரண்டு பேரும் மெதுவாகத்தான் சொன்னார்கள். நான்தான் அந்தத் தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

இவ்வளவும் போன மாதம். போன வெள்ளிக்கிழமை சூசையண்ணை ஃபோன் எடுத்தார். குரலில் ஒரு துள்ளல்.

"ரீச்சர், நாளைக்கு விடிய வெள்ளண ஒருக்கா வாங்கோ. எங்கடை போட்டை வாங்கின பொடியனோடை கதைச்சிட்டன். கொண்டுவாறன் எண்டவன். ஜசியை ஏத்தப் போறன். நீங்கள் பக்கத்திலை நிண்டால் அவா கூச்சப்படமாட்டா."

போனேன். போகாமல் இருப்பேனா?

கடல் அன்று குளம் மாதிரிக் கிடந்தது. படகைக் கரையில் இழுத்து நிறுத்தியிருந்தார்கள். வாங்கியவன் நிறம் மாற்றிப் பூசியிருந்தான். ஜசிந்தா தேவாலயத்துக்கு உடுக்கிற சேலை உடுத்து, தலையை இறுக்கி முடிந்துகொண்டு வந்தாள். படகின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தாள். கலியாண வீட்டுக்குப் போகிற பிள்ளை மாதிரி ஒரு முகம்.

வீட்டிலிருந்து பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து படகோடு ஒட்டி வைத்தோம். ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் அவர் பிடித்தார். அவள் கதிரையில் ஏறினாள். கதிரைக்கால் மணலுக்குள் புதைந்தது. மறுகாலைத் தூக்கி விளிம்புக்கு மேலால் போடவேண்டும். முழங்கால் மடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொருமுறை முயன்றாள். "அம்மா!" என்று ஒரு சத்தம். அப்படியே என் தோளில் சாய்ந்துவிட்டாள்.

வலையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் ஓடி வந்தார்கள். "அக்கா, கதிரையோடை தூக்கி வைக்கிறம், பயப்பிடாதேங்கோ" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள்.

ஜசிந்தா சுற்றிப் பார்த்தாள். கரையில் நின்ற சனம் முழுக்க இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம். இவ்வளவு சனத்துக்கு முன்னாலை என்னை மூட்டை மாதிரித் தூக்கவோ?" என்று இறங்கிவிட்டாள். சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். பிறகு கணவரைப் பார்த்து, "ஆசைப்பட்டு வந்தனீங்கள். நீங்கள் ஒருக்காப் போயிட்டு வாங்கோ. நான் நிண்டு பாக்கிறன்" என்றாள்.

படகுக்காரப் பொடியன் எஞ்சினில் கை வைத்தபடி காத்திருந்தான். டொக்டர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சூசையண்ணை படகைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நீ போ, தம்பி" என்றார்.

படகைத் தள்ளி இறக்கினார்கள். அவர் வந்து மனைவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். படகு அலையைத் தாண்டியது, சின்னதானது, ஒரு புள்ளியானது. பிறகு வெறும் தண்ணீர்.

"இஞ்சை நிண்டு பாத்தால் இவ்வளவு கெதியா மறைஞ்சு போகுதே" என்றார் சூசையண்ணை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

"ஓம்" என்றாள் ஜசிந்தா. "அதுக்குப் பிறகுதான் நேரம் போகாது."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கிளிநொச்சிக்கு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனம் பாரமாகவே கிடந்தது. வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் என் கணவரிடம் கேட்டேன், "உங்களுக்கு எங்கையாவது போகோணும் எண்டு ஆசை இருக்கோ?"

மனிதர் பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டுப் பதறி எழுந்தார் — "ஏனப்பா, என்னைப் பற்றி டொக்டர் உன்னட்டை ஏதும் சொன்னவரோ?"