அப்புச்சியின் கோட்டு

அன்று மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் மாமா வீட்டில் இருந்தது ஐந்து பேர்: அம்மா, மாமா, அம்மாவின் தங்கையான சித்தி, கல்யாணத் தரகர், நான். சுவரில் படமாகத் தொங்கிய அப்புச்சியையும், அதாவது அம்மாவின் அப்பாவையும், சேர்த்தால் ஆறு. அவர் முந்தைய வருஷம்தான் செத்துப்போயிருந்தார்.

எனக்கு ஏழு வயது. பிற்பாடு எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனால் பயப்படுவதில் எப்போதும் முதல் மார்க் நான். அன்றைய பயம், சித்திக்கு இந்த வரனும் தட்டிப்போகுமோ என்பது. அதற்கு முன் இரண்டு பேர் நேரில் பார்த்துவிட்டுப் போனதோடு சரி, பதிலே வரவில்லை.

தரகர் செல்போனில் மாப்பிள்ளையைக் காட்டினார். மலையில் பக்கத்து ஊர்க்கூட்டமான திண்ணனூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடுகிறவராம். நீலக் கோட்டு, சிவப்பு டை, பின்னால் ரோஜாத் தோட்டம். சுவரில் அப்புச்சியும் அதே உடுப்பில்தான் இருந்தார். உயிரோடு இருந்தவரை துண்டுக்கு மேல் எதையும் தோளில் போடாத மனுஷன். செத்த பிறகுதான் காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு ஸ்டுடியோக்காரர் வாக்காளர் அட்டையிலிருந்து அவர் தலையை எடுத்துக் கோட்டில் வைத்துக் கொடுத்தார். ஆகவே கோட்டு என்பது செத்தவர்களுக்குப் போடுவது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

“மாமா, இவரும் செத்துட்டாருங்களா?”

தரகரின் டீ பாதி வழியில் நின்றது. அம்மா என் தொடையில் கிள்ளினாள். நான் அழுதுகொண்டே சுவரைக் காட்டினேன்.

சித்தி செல்போனை வாங்கி அப்புச்சிக்குப் பக்கத்தில் பிடித்து, படத்தை விரலால் விரித்துப் பார்த்தாள். அதே டை, அதே மடிப்பு, பையில் அதே இரண்டு பேனா. மாப்பிள்ளையின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு. ஒரு காது பாதி ரோஜாவுக்குள் போயிருந்தது.

“ஏனுங்க, தலையாவது அவருதுங்களா?”

“தல அவருதுதானுங்க,” என்றார் தரகர். “கழுத்துக்குக் கீழதான் ஸ்டுடியோக்காரனுது.”

ஏமாற்று வேலை என்று மாமா எழுந்துவிட்டார். சித்தி அவரை உட்கார வைத்தாள். கோட்டில்லாமல் நேரில் வரச் சொல்லுங்கள் என்றாள் தரகரிடம். மாப்பிள்ளையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டம் போட்ட சட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கினார். ஆறு மாதத்தில் எனக்குச் சித்தப்பா ஆனார்.

ஆனால் அன்று தரகர் கிளம்பும் முன் இன்னொன்று நடந்தது. அவர் செல்போனில் இருந்த தன் போட்டோவை அழித்துவிடச் சொன்னாள் சித்தி. மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் காட்டவில்லையே என்று அவர் இழுத்தார். “வேண்டாஞ் சாமி, இருக்கட்டும்” என்று மாமாவும் அவளிடம் கெஞ்சினார். அவள் கேட்கவில்லை.

பொய்ப் போட்டோவைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்ட பெருமையில் நானும் எட்டிப் பார்த்தேன். கோட்டு இல்லை, ரோஜா இல்லை, கழுத்தில் கோடும் இல்லை. குறையே சொல்ல முடியாத போட்டோ. சித்தியின் இடது கன்னத்துத் தீத்தழும்புகூட அதில் இல்லை. அவ்வளவு அழகான படத்தைப் போய் ஏன் அழித்தாள் என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.