கட்டி தட்டிய தகடுகள்

காகித ஆலையில் நிரந்தர வேலையை விட்டுவிட்டு, நாற்பது வயதில் முனைவர் பட்டத்துக்காகச் சுவீடனின் லூலியோ பல்கலைக்கழகத்தில் எங்கள் துறைக்கு வந்தவள் இல்வா ஹெட்மார்க். காரணம் கேட்டால், “ஆலையில எல்லாமே அதிருது. ஏன்னு மட்டும் யாருக்கும் தெரியல” என்பாள். எங்களுக்கும் தெரியாது என்பதை அவள் கண்டுகொள்ளச் சிறிது காலம் ஆயிற்று.

அவள் வேலை தகடு வார்ப்பது. சூடான பிசினில் கார்பன் நானோ குழாய்களைக் கலப்பாள். கண்ணுக்கு அவை வெறும் கரிப்பொடி. கட்டிகள் உடைந்து சீராகப் பரவும்வரை மீயொலிக் கருவியால் கலக்கி, கெட்டிப்படுத்தும் திரவத்தைச் சேர்த்து அச்சில் ஊற்றுவாள். இறுகியதும் விளிம்புகளைக் கவ்வியில் பூட்டி, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. குழாய்கள் தகட்டை விறைப்பாக்கும். விறைத்தால் அதிர்வின் சுருதி ஏறும். எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான்.

ஏறவில்லை. அவளுடைய தகடுகள் எல்லாம் சளி பிடித்த குரலில்தான் பேசின. தகடுதான் தப்பு என்று நான் சொன்னேன். கணக்கு போடுகிறவன் வேறு என்ன சொல்வான்?

“உன் கணக்குல என் தகட்டுக்கு இடமே இல்லையா?” என்றாள் இல்வா.

“இருக்கு. நல்ல தகடா இருந்தா.”

சிரித்தாள். ஆனால் வசந்தத்தோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் தகடும் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் ஆய்வேடு இல்லை. திரும்ப ஆலைதான், அதுவும் அவர்கள் சேர்த்துக்கொண்டால்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஃபிகாவுக்கு அவளைக் காணோம். காலை ஒன்பதரைக்குத் துறையே எழுந்துபோய்ச் சேர்ந்து காபி குடிக்கும் அந்த நேரத்தில் வராமலிருக்க, ஆள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அன்று பன் கொண்டுவர வேண்டியது அவள் முறை வேறு. காபி மேசையின் அதிகாரி, எங்கள் அலுவலக நிர்வாகி ராக்னில்டு, வெறும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்வாவோ ஏலக்காய் பன்களை அடுப்பில் கருகவிட்டு, வெறுங்கையோடு முகம் காட்ட வெட்கப்பட்டு, ஆய்வுக்கூடத்திலேயே பதுங்கியிருந்தாள். பொழுது போகவில்லை. கலக்கிய கலவையை அப்படியே ஊற்றிவிட்டாள்.

அந்தத் தகடு கணீரென்றது. என் கணக்குக்கு மயிரிழையில் வந்து நின்றது. நான் பெருந்தன்மையோடு தலையசைத்தேன். அதே முறையில் அடுத்த தகடு வார்த்தாள், மறுபடி சளி. எங்கள் பேராசிரியர் சிக்ஸ்டன், பொடி வந்த புட்டியைச் சந்தேகப்பட்டார். நான் கவ்வியைச் சந்தேகப்பட்டேன். இல்வா சில நாள் தன் குறிப்பேட்டையே புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு ஃபிகாவில், கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“அன்னைக்கு நான் ஃபிகாவுக்கு வரல.”

“தெரியும்” என்றாள் ராக்னில்டு.

“இல்ல, அதுதான் காரணம். தினமும் கலக்கி வெச்சுட்டுக் காபிக்கு வர்றேன். நாம இங்க கதை பேசுற நேரத்துல அங்க குழாயெல்லாம் திரும்ப ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டி தட்டிடுது.”

“அதுங்களும் ஃபிகாவுக்குக் கூடுதுங்க போல” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

“நிச்சயமாத் தெரியுமா?” என்றார் சிக்ஸ்டன்.

“இன்னொரு வாட்டி வராம இருந்து பாத்தாத்தான் தெரியும், சிக்ஸ்டன்.”

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. சிக்ஸ்டன் தம் வாழ்நாளில் மூன்று கோட்பாடுகளைக் கைவிட்டவர், அதுவும் முகம் சுளிக்காமல். இப்போது சுளித்தார்.

“வராம இருக்கறது சரியில்ல, இல்வா. வேணும்னா ஃபிகாவத் தள்ளி வெச்சுக்கலாம்.”

“காபி ஆறிடும்” என்றாள் ராக்னில்டு.

“புதுசாப் போடலாமே?”

“பத்து மணிக்கா?” பத்து மணி என்பது வேறொரு நாடு என்பதுபோல் கேட்டாள்.

ஆனால் மறுநாள் எல்லாரும் காத்திருந்தோம். பன்கள் நடுவில், யாரும் கை வைக்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இல்வா கலக்கினாள், உடனே ஊற்றினாள். அவள் கையுறையைக் கழற்றியதும்தான் ராக்னில்டு காபியை ஊற்றினாள். ஆறித்தான் போயிருந்தது. வார்ப்பு நாள்தோறும் அதுவே வழக்கமாயிற்று. தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கணீரென்றன. பழைய தகடுகளை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, உள்ளே ரவை உப்புமாவைப்போல் கட்டிகள். குழாய்கள் சீராகப் பரவியிருப்பதாக நான் வைத்துக்கொண்ட ஊகம் அந்தத் தகடுகளுக்கு ஒருநாளும் பொருந்தியதில்லை. கணக்கும் தப்புதான் என்று நானே எழுதிக் கொடுத்தேன். கட்டிகளையும் சேர்த்துப் போட்ட புதுக் கணக்கு அவளுடைய ஆய்வேட்டின் நல்ல அத்தியாயமாயிற்று. தப்பான தகடுகள் இல்லாமல் அதை எழுதியிருக்கவே முடியாது.

ஆற்றில் பனி உடைந்த வாரம், ஆய்வேடு முடிந்ததை ஊரறியச் சொல்லும் சுவீடன் வழக்கப்படி அதில் துளையிட்டு, பல்கலைக்கழகப் பலகையில் ஆணியால் அறைந்தாள். அவள் குறித்த நேரம் ஒன்பதரை. யாரும் முணுமுணுக்கவில்லை. சுத்தியல் விழுந்ததும் பலகை மந்தமாக அதிர்ந்தது.

“பலகையில ஏதோ கோளாறு” என்றாள்.

பிறகு அவள் கொண்டுவந்த ஏலக்காய் பன் வந்தது. ஓரம் கொஞ்சம் கருகித்தான் இருந்தது. ராக்னில்டு இரண்டு எடுத்துக்கொண்டாள்.