கஞ்சியின் பதம்

திருத்துறைப்பூண்டிப் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கசங்கிய வெள்ளைச் சட்டையில் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை போனில் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து, கடைசிவரை தள்ளிப் பார்த்துவிட்டு மூடினார். பக்கவாதத்தில் படுத்த மனைவியைக் கவனித்ததில் கற்றதையெல்லாம் அதில் எழுதி வைத்திருந்தார்.

“சுலபமா எறங்கும்னு கஞ்சியத் தண்ணியா கரைச்சுக் குடுத்தேங்க. புரையேறி நெஞ்சுக்குள்ள போயிடுச்சு. கெட்டியா, நிமிர்த்தி உக்கார வச்சுக் குடுக்கணும்னு அவ போன பெறகுதான் தெரிஞ்சுது.”

“யாராவது படிக்கிறாங்களா?” என்று கேட்டேன்.

“ஒருத்தரும் பதில் எழுதலைங்க. நாங்க கடைமடை, ஆத்துத் தண்ணி கடைசியா வர்ற ஊரு. மேல மடை தெறக்கிறவரு எங்க வயல வந்தா பாக்குறாரு? தண்ணி வந்துடுதே.”

சொல்லிவிட்டு மறுபடியும் பக்கத்தைத் திறந்தார்.

போன மாதம் என் அம்மாவும் பக்கவாதத்தில் விழுந்தார். கஞ்சியில் வெந்நீர் ஊற்றப் போன என் கை நின்றது. அந்தப் பேருந்துப் பெரியவரின் இணையப் பக்கத்தைத் தேடிப் படித்து, அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்துக் கூழ்ப் பதத்தில் ஊட்டினேன். இருமாமல் விழுங்கினார். அன்றே அங்கே எழுதினேன்: “ஐயா, தண்ணீர் வந்து சேர்ந்தது.”

பதில் வரவில்லை. இப்போது கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து, கடைசிவரை தள்ளிப் பார்த்துவிட்டு மூடுவது நான்.