சீசனும் என் மகளின் பேச்சும்

குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று டிவியில் சொன்னால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம். எனக்குப் பயம். குத்துக்கல்வலசையில் வீடு கட்டியவர்களுக்கு ஆனி, ஆடி இரண்டு மாதமும் வாசல் நிறையச் சொந்தக்காரர்கள்தான். அருவிக்கு வருகிறவர்களை வராதீர்கள் என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. ஒரு கூட்டத்தின் ஈரத்துணி காயும் முன்பே அடுத்த வண்டி வந்து நிற்கும். சமைத்துப் போட நான் சளைத்தவளில்லை. என் பயம் வேறு. மகளுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. வருகிற ஒவ்வொருவரும் அவளை நிற்கவைத்துப் பரீட்சை வைப்பார்கள்.

முதல் வாரமே என் மதினி, கணவரின் அக்கா, மதுரையிலிருந்து வந்தார். தலையைத் துவட்டியபடியே ஆரம்பித்துவிட்டார்.

"ஏட்டி, அத்தைன்னு சொல்லு பாப்போம்."

மகள் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"இன்னுமா வாயத் தொறக்கல? எம் பையன் இந்த வயசுல பேசியே ஊர வித்துருவான்."

மதினி சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோபம் அவர்மேல், காட்டியது பிள்ளைமேல்.

தென்காசியில் குழந்தை டாக்டரிடம் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறது, வற்புறுத்தாமல் பேசி விளையாடுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். பிறகு, "நீங்க ஒழுங்கா தூங்குதீங்களாம்மா?" என்று கேட்டார். பிள்ளையைக் காட்ட வந்தால் என்னை விசாரிக்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினேன். அவர் சொன்னதில் மூன்று மாதம் என்பது மட்டும்தான் என் காதில் ஏறியது.

மதினி ஆடியில் மறுபடி வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் 'அத்தை'யை வரவைத்துவிட வேண்டும். படம் போட்ட அட்டைகள் வாங்கினேன். சோறு ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் மகளின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, "சொல்லுட்டி, சொல்லு" என்றேன். உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை மாடியில் பாடினால் எங்கள் ஜன்னலைச் சாத்தினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மதினி போன் செய்தார். "தண்ணி நல்லா விழுதாம்லா, நாளைக்கு வாரோம்." போனைக் காதில் வைத்தபடியே கூடத்துக்கு வந்தேன். மகள், அருவிக்கரைக் கடையில் வாங்கிய பொம்மையை மடியில் வைத்திருந்தாள். அதன் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"சொல்லு," என்றாள், தெளிவாக.

பொம்மை பேசவில்லை. அதன் முதுகில் ஓர் அடி வைத்தாள். "சொல்லு!"

எத்தனை மாதமாகக் காத்திருந்த பேச்சு. சந்தோஷம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. நான் அடித்தது ஒரே ஒரு தடவை, அதை அவள் மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

"நாளைக்கு வராதீங்க மதினி," என்றேன்.

"ஏன், பிள்ளைக்கு மேலுக்கு முடியலையா?"

"பிள்ள நல்லாத்தான் இருக்கா. எனக்குத்தான் முடியல."