தீவை அளக்கப் போன நாள்

நெய்வேலியில் சுரங்கம் தோண்ட ஆரம்பித்துச் சில வருடங்களே ஆகியிருந்த சமயம், அறுபதுகளின் தொடக்கம். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து அங்கே சர்வே பிரிவில் சேர்ந்திருந்தேன். புது குவார்ட்டர்ஸ், பெர்மனன்ட் வேலை. கொஞ்சம் தலைக்கனம் இருக்கத்தான் செய்தது.

சிதம்பரத்துக்குக் கிழக்கே உப்பங்கழிக்குள் இருக்கும் ஒரு தீவில் தொழிற்சாலை கட்ட ஒரு முதலாளி நினைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து அளந்து கொடுக்கச் சொன்னார். போனேன். அந்தக் கழியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் ஒரு அம்மாள்தான் படகில் கூட்டிப் போனார். தொழிற்சாலை வந்தால் அவர் பிழைப்பு போய்விடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

தீவு என்று பேர்தான். எங்கே தரை முடிகிறது, எங்கே தண்ணீர் தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. மரங்கள் வேரை ஊன்றிக்கொண்டு தண்ணீரிலேயே நின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. காலையில் அளவுக்காக நட்ட முளைக்குச்சிகளை மத்தியானம் காணோம், தண்ணீர் ஏறி மூடிவிட்டது. வந்த வழி எது என்றுகூட மறந்துபோயிற்று.

நெய்வேலியில் பார்வைக்குக் குறுக்கே முந்திரிக் கிளை வந்தால் வெட்டித் தள்ளிவிட்டு அளப்போம். அதே பழக்கத்தில் இங்கேயும் ஒரு கிளையை நோக்கி அரிவாளை ஓங்கினேன்.

"சார், அது தில்லை மரம்! வெட்டாதீங்க, பால் தெறிச்சா கண்ணு பூடும்!" என்று அந்த அம்மாள் கத்தினார். அதற்குள் வெட்டு விழுந்து, பால் கண்ணில் தெறித்துவிட்டது.

எரிச்சல் என்றால் அப்படியொரு எரிச்சல். ஒன்றும் தெரியவில்லை, வாய்விட்டு அலறினேன். சர்வேக்காரனுக்குக் கண் போனால் அப்புறம் என்ன மிச்சம்? சுற்றிலும் உப்புத் தண்ணீர். அவர் நாள் முழுக்கக் குடிக்கக் கொண்டுவந்திருந்த ஒரு குடம் நல்ல தண்ணீரையும் என் கண்ணில் ஊற்றிக் கழுவினார். பிறகு என்னைப் படகில் படுக்க வைத்துத் துடுப்புப் போட்டார்.

"நான் எதுக்கு வந்தேன்னு தெரிஞ்சும் ஏம்மா இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"அதுக்கோசரம் ஒரு மனுசன் துடிக்கிறத பாத்துக்கினு நிக்க முடியுமாங்க?" என்றவர், துடுப்பைப் போட்டுக்கொண்டே, "நெய்வேலின்னு சொன்னீங்களே, அங்க முன்ன இருந்த சனங்க இப்ப எங்க கீறாங்க?" என்றார்.

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சுரங்கத்துக்காகக் காலி செய்ய வைத்தார்கள் என்று மட்டும் சொன்னேன்.

நான்கைந்து நாளில் பார்வை திரும்பியது. முதலாளியிடம் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். வேறு ஆளை அனுப்பினாரோ என்னவோ, விசாரிக்கத் தைரியம் வரவில்லை. நான் செய்தது உதவியா, நழுவலா என்பதும் புரியவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் மட்டும் கேட்டுப் பார்த்தேன், இந்த இடத்தில் முன்பு என்ன ஊர் இருந்தது என்று. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

யாருடைய ஊரின் மேல் படுத்துத் தூங்குகிறேன் என்றே தெரியாமல், இன்னொருவர் பிழைக்கும் இடத்தை அளக்கப் போனேனே, அந்த வெட்கம் இத்தனை வருடமாகியும் என்னை விட்டுப் போகவில்லை.