கௌதாரிக்காகக் காத்திருந்த புதர்

காலைல எங்க கீழ்க்கட்டளை அபார்ட்மென்ட்ல, காம்பவுண்ட் ஓரமா மண்டிக் கெடந்த உன்னிச்செடிய தோட்டக்காரர் வெட்டினாரு. அந்தக் காரமான தழை வாசனை மூக்குல ஏறினதும் எனக்கு வயசு ஒன்பது ஆயிடுச்சு. தொப்பை மட்டும் கூடவே வந்துச்சு.

நன்மங்கலம் காட்டுல உண்டிவில்லால கௌதாரி அடிச்சுக் காட்டறேன்னு எங்க அக்கா காலனி முழுக்க சவால் விட்டிருந்தா. ரெண்டு ஞாயித்துக்கெழம வெறுங்கையோட திரும்பினோம். காரணம் நான்தான். அம்மா என் மூஞ்சில அப்பின பவுடர் எந்தப் புதருக்குள்ள இருந்தாலும் பளிச்னு தெரியும்.

மூணாவது ஞாயித்துக்கெழம அக்கா, "டேய் டியூப்லைட், இன்னிக்கும் கெடுத்தீன்னா உன்னத்தான் அடிப்பேன்"னு சொல்லி, உன்னித்தழைய கசக்கி என் மூஞ்சி முழுக்கத் தேச்சா. முதுகுல ஒரு கிளைய சொருகினா. புதருக்குள்ள குந்தினோம். எறும்பு ஏறிச்சு, கால் மரத்துப்போச்சு, நான் அசையவே இல்ல.

கௌதாரி வந்துச்சு. என் கால் கட்டைவிரல் பக்கத்துலயே மண்ணக் கொத்துச்சு. அக்கா ரப்பரை இழுத்தா.

அப்போ அதே புதர்ல, கை நீட்டினா தொடற தூரத்துல, காஞ்ச தழைன்னு நான் நெனச்சிட்டிருந்தது எழுந்துச்சு. நரி! ஒரே தாவல். கௌதாரியக் கவ்விட்டு, எங்களத் திரும்பிக்கூடப் பாக்காம போயிடுச்சு.

அக்கா இழுத்த ரப்பர் இழுத்தபடியே இருந்துச்சு. "நமக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்குடா"ன்னா, கோயில்ல பேசற குரல்ல.

காலனில ஒருத்தனும் நம்பல. அக்கா அதுக்காகச் சண்டை போடவும் இல்ல.

தோட்டக்காரர் அடுத்த புதருக்குக் கத்திய ஓங்கினாரு.

"அண்ணா, ஒரு தட்டு தட்டிட்டு வெட்டுங்க."

"உள்ள இன்னா சார் கீது?"

"தெரியாது. அதுக்குத்தான்."